புதுப்பிப்பு: நிலாவெளியிலிருந்து திரும்பும் நாள்

மலைநாட்டு நுவரெலியாவிலிருந்து திருகோணமலைப் பக்கக் கடற்கரையான நிலாவெளிக்கு என்னென்ன கொண்டுபோவது என்று முன்பு எழுதியதில் கடைசி நாளை விட்டுவிட்டேன். மனம் கனக்கும் நாள்தான், ஆனால் வேலையும் அன்றுதான் அதிகம்.

கடலில் நனைந்த துணியை அங்கேயே இரண்டு தரம் நல்ல தண்ணீரில் அலசி, மத்தியான வெயிலில் மொறமொறவென்று காயவிடுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். அப்படியே மூட்டை கட்டினால் மலைப் பனியில் லேசில் காயாது, கரும்புள்ளி விழும். கருவாட்டைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டாதீர்கள், வியர்த்துப் பூசணம் பிடிக்கும். கடதாசியில் சுற்றி வாருங்கள்; வீட்டில் அடுப்புக்கு மேலே புகை படத் தொங்கவிடுங்கள்.

பவளத் துண்டு எடுக்கவே வேண்டாம். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

ஒக்டோபரோடு கிழக்குக் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். இனிக் கடலுக்குப் போவது மே மாதம்தான்.