புதுப்பிப்பு: வோல்ட்மீட்டர் பொய் சொன்னதற்குக் காரணம் கிடைத்தது

நோர்வூட்டில் எங்கள் லயத்துச் சோலார் பேட்டரிக்கு ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினி போர்டில் வோல்ட்மீட்டர் செய்ததையும், மல்டிமீட்டர் 12.4 காட்டும்போது திரை 13.2 காட்டுவதையும் போன வாரம் எழுதியிருந்தேன். பேட்டரி வோல்ட்டைக் குறைத்துப் போர்டுக்குக் கொடுக்கும் ரெசிஸ்டர்தான் பிழை என்று பலர் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை.

போர்டின் 5 வோல்ட் பின்னை அளந்தால் 4.7தான்! பழைய போன் சார்ஜரில் ஓட்டியதன் பலன். போர்டு அந்த 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்துத்தான் அளக்கிறது. கோடில் (நிரலில்) நான் 5.0 என்று எழுதி வைத்திருக்க, கணக்கு எப்படிச் சரியாக வரும்? திரையின் பின்விளக்கு எரிந்தால் இன்னும் இறங்கியது.

இப்போது சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு, அதாவது சார்ஜரை நம்பாத அளவுகோலுக்கு, மாற்றிவிட்டேன். அதற்கு ஏற்ப ரெசிஸ்டர்கள் 150 கிலோ ஓம், 10 கிலோ ஓம். பேட்டரி வோல்ட்டில் 16இல் ஒரு பங்குதான் உள்ளே போகும். சார்ஜ் ஏறி 14.4 வந்தாலும் 0.9தான். 100க்கு 10 போடச் சொன்ன அண்ணா, அது 1.3ஐத் தொட்டுவிடும், அளவு மேலே முட்டி நின்றுவிடும். இன்னொன்று, அந்த 1.1 எல்லாச் சிப்பிலும் அச்சாக 1.1 இல்லை. 1.0இலிருந்து 1.2 வரை எங்கேயும் இருக்கலாம். அந்த ரெஃபரன்ஸ் வெளியே வரும் ஏரெஃப் பின்னில் மீட்டரை வைத்துப் பார்த்தேன், என்னுடையது 1.08. அதையே கோடில் போட்டேன்.

கடைசி இலக்கம் துள்ளியதற்கு 20 அளவீடுகளின் சராசரி போதுமாயிருந்தது.

நேற்று முழுக்க மழை, வெயிலே இல்லை. இரவு எட்டு மணிக்குத் திரையில் 12.1, மீட்டரிலும் 12.1. அம்மா வந்து பார்த்துவிட்டு, “அப்போ டீவியை நிப்பாட்டவா?” என்றார்.