மருத்துவ இயக்குநர் பொறுப்பு: எம்.பி.ஏ. தேவையா, நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி (சிறுநீரகவியல் மருத்துவர்):

பல ஆண்டுகளாகச் சிறுநீரகவியல் மருத்துவராகப் பணியாற்றி வரும் நான் இப்போது துறைத் தலைவராக இருக்கிறேன். மருத்துவ இயக்குநர் பொறுப்பை ஏற்கும்படி நிர்வாகம் கேட்டிருக்கிறது. பிற்காலத்தில் முதன்மைச் செயல் அலுவலர் பதவிக்குச் செல்லும் விருப்பமும் எனக்கு உண்டு. அதற்கு முன் எம்.பி.ஏ. படிப்பது அவசியமா? நோயாளிகளைப் பார்ப்பதை முற்றிலும் நிறுத்திவிட வேண்டியிருக்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற மருத்துவ இயக்குநர்):

வணக்கம் டாக்டர். படிப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன், வேலையின் தன்மை எவ்வளவு மாறப்போகிறது என்பதைப் பாருங்கள். துறைத் தலைவர் தம் துறைக்காக வாதாடுபவர்; மருத்துவ இயக்குநரோ, எல்லாத் துறைகளும் கேட்கும் கருவிகளில் எவற்றை இந்த ஆண்டு வாங்க இயலாது என்று சொல்ல வேண்டியவர். உங்கள் பழைய துறை புதிய டயாலிசிஸ் இயந்திரங்கள் கேட்கும் நாளில் எல்லோருடைய பார்வையும் உங்கள் மீதுதான் இருக்கும் என்பதால், அந்த முடிவை மட்டும் வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

இதைவிடக் கடினமானது சக மருத்துவர்களைப் பற்றிய புகார்களை விசாரிப்பது. நேற்று வரை உங்களுடன் பணியாற்றிய ஓர் அறுவை மருத்துவரின் நோயாளிகளுக்குச் சிக்கல்கள் கூடிவருவதாகத் தெரிந்தால், அவருடன் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றே மனம் சொல்லும். ஆனால் உரிய குழு நோய்க்குறிப்புகளை ஆராய்ந்து, அவருடைய விளக்கத்தையும் கேட்ட பிறகு எடுக்கப்படும் முடிவுதான் நோயாளிக்கும் அவருக்கும் நியாயமாக இருக்கும். இறப்பு மறுஆய்வுக் குழுவிலோ தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிலோ நீங்கள் இதுவரை பங்கேற்கவில்லை என்றால், முதலில் அவற்றில் சேருங்கள். எந்த வகுப்பறையும் அந்தப் பயிற்சியைத் தராது.

மறுமொழி (மருத்துவமனை நிதி அலுவலர்):

நான் மருத்துவர் அல்லன். மருத்துவர்கள் நிர்வாகத்துக்கு வரும்போது தடுமாறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன். கணக்கில் இலாபம் காட்டும் மருத்துவமனையிலும் ஊதியம் கொடுக்கப் பணம் இல்லாமல் போகலாம். காப்பீட்டு நிறுவனம் பணம் அனுப்பத் தாமதமாகும்போது இதுதான் நடக்கிறது. அறுவை அரங்கு காலியாகக் கிடந்தாலும் அதற்கான செலவில் பெரும்பகுதி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அதை வைத்து, படுக்கைகள் எல்லாம் நிரம்பியிருப்பதே நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நிரம்பும் அளவு 85 விழுக்காட்டைத் தாண்டத் தாண்ட, அவசரப் பிரிவில் காத்திருப்போரின் எண்ணிக்கை பெருகும்.

இவற்றைக் கற்க எம்.பி.ஏ. கட்டாயமில்லை. மாதக் கணக்கு முடிக்கும் நாள்களில் நிதிப் பிரிவினருடன் அமர்ந்து, புரியாத ஒவ்வொரு வரியையும் கூச்சமின்றிக் கேளுங்கள். செயல் அலுவலர் பதவிக்கான தேர்வுக் குழுக்களில் சில அந்தப் பட்டத்தை எதிர்பார்ப்பது உண்மை என்பதால், பதவியேற்ற பின் பகுதி நேரமாகப் படிக்கலாம்.

மறுமொழி (பொது மருத்துவர், துணை இயக்குநர்):

தலைமைப் பண்பு குறித்து ஆராயும் அமாண்டா குடால் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளில் மருத்துவர்கள் தலைமையேற்றவற்றின் தர மதிப்பெண்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்ந்திருந்ததாகக் காட்டியது. இதய அறுவை மருத்துவரான டோபி காஸ்குரோவ் 2004 முதல் 2017 வரை அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவமனையான கிளீவ்லண்ட் கிளினிக்கின் தலைவராக இருந்ததையும் இங்கே பலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆயினும் சிறந்த மருத்துவமனைகளே மருத்துவர்களைத் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கின்றனவா, மருத்துவர்களால்தான் அவை சிறந்தனவா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. ஆகவே அதை உங்களுக்கான உறுதிமொழியாகக் கொள்ள வேண்டாம்.

நோயாளிகளைப் பார்ப்பது குறித்து என் கருத்து இது: வாரத்தில் ஒருநாள் புறநோயாளிப் பிரிவை வைத்துக்கொள்ளுங்கள், திசுச் சோதனை போன்ற, கைப்பழக்கம் குறைந்தால் ஆபத்தாகக்கூடிய செயல்முறைகளை விட்டுவிடுங்கள். இரவு அழைப்புப் பணியில் பெயரை மட்டும் வைத்திருந்து, கூட்டங்களைக் காரணம் காட்டி அடிக்கடி பிறரிடம் மாற்றிவிடுபவர் மீது சக மருத்துவர்களுக்கு மரியாதை குறையும். உங்கள் நாள்பட்ட நோயாளிகளை இப்போதே இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து பார்க்கத் தொடங்குங்கள். பதவியை ஏற்கும் முன், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் முழுநேர மருத்துவப் பணிக்குத் திரும்பும் உரிமையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதை நிர்வாகம் தர மறுத்தால், அதற்கான காரணத்தைக் கேட்டறிந்த பிறகு கையெழுத்திடுங்கள்.