ஞானஸ்நானத்துக்குப் பிறகு சாதிச் சான்றிதழ்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஓர் ஆதிதிராவிடக் குடும்பம் ஞானஸ்நானம் எடுத்து, விசுவாசத்தை ஒளிக்காமல் வாழ முடிவு செய்திருக்கிறது. சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். இப்போதைய கவலை மகளின் சான்றிதழ். பிளஸ் டூ படிக்கிறாள்.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர மற்றவர்களுக்கு எஸ்.சி. தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். பழைய சான்றிதழையே காட்டிச் சமாளிக்கச் சொல்லும் ஆலோசனை தயவுசெய்து வேண்டாம். சபைப் பதிவேடு ஒன்று சொல்ல, சான்றிதழ் வேறு சொன்னால் வேலைக்கான சரிபார்ப்பில் மாட்டும். ஞானஸ்நானம் பெற்று கிறிஸ்தவராக வாழ்பவர் இந்து என்று சொல்லி எஸ்.சி. சான்றிதழ் கேட்ட புதுச்சேரி வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல், அவர்களுக்கே பொய் சொல்ல மனமில்லை.

கெஜட்டில் பெயர் மாற்றம் முதலிலா, பி.சி. சான்றிதழ் முதலிலா? ஞானஸ்நானச் சான்றோடு தாசில்தார் அலுவலகத்தில் வேறென்ன கேட்கிறார்கள்? பழைய எஸ்.சி. சான்றிதழை ஒப்படைக்க வேண்டுமா? மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை உண்டு; அதைப் பெற, பி.சி. சான்றிதழில் ‘ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்’ என்ற உட்பிரிவு எப்படி எழுதியிருந்தால் கல்லூரியில் சிக்கல் வராது? சமீபத்தில் வாங்கியவர்கள் மாவட்டத்தோடு சொன்னால் பேருதவி.