பாலியூரித்தேன் பசை கையில் கருப்பாக ஏறிவிட்டது, ஐந்து நாளாகியும் போகவில்லை

திருமங்கலம்_ஞாயிறுதச்சன்

வணக்கம். தாத்தா வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு நிலைச் சட்டங்களை வைத்து வாசலில் போட ஒரு பெஞ்சு செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு இது தொழில் இல்லை, லீவு நாள் வேலைதான். மழையிலும் வெயிலிலும் கிடக்கப்போகிற சாமான் என்பதால் வழக்கமான வெள்ளைப் பசை வேண்டாம் என்று ஆன்லைனில் பாலியூரித்தேன் பசை ஒரு பாட்டில் வாங்கினேன். பார்க்கத் தேன் மாதிரி இருந்தது. ஃபெவிகால் தடவிப் பழகிய கை, விரலாலேயே தடவி, வழிந்ததையும் விரலாலேயே வழித்துப் போட்டுவிட்டேன். அப்போது பிசுபிசுப்பு தவிர ஒன்றும் தெரியவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ராத்திரிக்குள் பத்து விரலும் கருத்து, தோல் மேல் வார்னிஷ் அடித்த மாதிரி இறுகிவிட்டது.

மண்ணெண்ணெய், டர்பன்டைன், எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் எல்லாம் பார்த்தாயிற்று. கம்பி நாரில் தோல்தான் போனது, கறை போகவில்லை. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை, நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவை வரச்சொன்னேன். வருகிற ஞாயிறு சொந்தத்தில் கல்யாணம், மொய் எழுதுகிற இடத்தில் என்னைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். இந்தக் கையோடு எப்படிப் போவது?

இன்னொன்று. இணைப்பு எல்லாவற்றிலும் நுரை பொங்கி வழிந்து காய்ந்து நிற்கிறது. ஒரு கால் இணைப்பு மட்டும் கொஞ்சம் லூசாக இருந்தது, நுரைதான் உள்ளே அடைத்துக்கொள்ளுமே என்று விட்டேன். மறுநாள் மாமா வந்து உட்கார்ந்தார், கால் தனியாக வந்துவிட்டது. மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெஞ்சைப் பற்றித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேலூர்_பட்டறை

தம்பி, முதல் தப்பு தண்ணீரில் கழுவியது. ஃபெவிகால் தண்ணீர் வற்றினால் இறுகும், இது தண்ணீர் பட்டால் இறுகும். காற்றில் இருக்கிற ஈரம், மரத்தில் இருக்கிற ஈரம், உங்கள் உள்ளங்கை வேர்வை, எது கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு இறுகும், இறுகும்போது கரியமில வாயு வரும், அந்த வாயுதான் நுரையாகப் பொங்குகிறது. மெத்தையில் இருக்கிற ஃபோம் இருக்கிறதே, அதுவும் இதே வகைச் சரக்குதான். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவர் கண்டுபிடித்ததிலிருந்து வந்த குடும்பம்.

இறுகிய பிறகு அதை எடுக்க மருந்தே கிடையாது. மண்ணெண்ணெய் இல்லை, பெட்ரோலே ஊற்றினாலும் போகாது, தயவுசெய்து ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம். தோல் உரிந்து தானாகத்தான் போகும், ஒரு வாரம் பத்து நாள் பிடிக்கும். சீக்கிரம் போக வேண்டுமென்றால் வெந்நீரில் பத்து நிமிடம் கையை ஊற வைத்துவிட்டு, குளிக்கிற இடத்தில் குதிகால் தேய்க்க வைத்திருக்கும் கல்லால் லேசாகத் தேயுங்கள், பிறகு தேங்காய் எண்ணெய். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். கம்பி நாரைத் தூக்கிப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதியாவது வெளுக்கும்.

ஈரமாக இருக்கும்போதே கவனித்திருந்தால் கதை வேறு. காய்ந்த துணியால் முதலில் துடைக்க வேண்டும். பிறகு சமையல் எண்ணெய் அல்லது அசிட்டோன் போட்டுத் துடைத்துவிட்டு, கடைசியில்தான் சோப்பும் தண்ணீரும்.

கால் விஷயம்: நுரை அடைக்கும், தாங்காது. தேன்கூடு மாதிரி வெறும் காற்று அது, மூன்று நான்கு மடங்கு பொங்கி நிற்பதைப் பார்த்து பலம் என்று நினைத்துவிடுகிறோம். மரமும் மரமும் இறுக்கி உட்கார்ந்து நடுவில் மெல்லிசாக இருக்கிற பசைக்குத்தான் பிடி. கழுந்து, அதாவது துளைக்குள் இறங்குகிற முனை, லூசு என்றால் இரண்டு பக்கமும் மெல்லிய தேக்குச் சீவல் ஒட்டி, மறுபடி இழைத்து, தட்டினால் இறங்குகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். பழைய நுரையை உளியால் முழுதாகச் சுரண்டி எடுத்த பிறகு.

கப்பலூர்_ஷிப்ட்

கறையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நான் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பசையில் இருப்பது ஐசோசயனேட். சிலருக்கு அது ஒவ்வாமையைக் கிளப்பும், தோலில் அரிப்பு, தடிப்பு, இல்லையென்றால் மூச்சு இரைப்பு. ஒருதடவை உடம்பு அதற்குப் பழகி எதிர்க்க ஆரம்பித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் வரும். ஞாயிறுதோறும் இரண்டு இணைப்பு ஒட்டுகிறவருக்குப் பெரிய ஆபத்து என்று பயமுறுத்த வரவில்லை, ஸ்ப்ரே அடிக்கிறவர்களுக்கும் சூடாக்கி வேலை செய்கிறவர்களுக்கும்தான் அதிகம். ஆனாலும் வெறுங்கையால் தடவுவதை வழக்கமாக்காதீர்கள். ஏற்கெனவே இரைப்பு இருக்கிறவர் வீட்டில் இருந்தால் வாசலில் வைத்து வேலை பாருங்கள்.

கையுறை நைட்ரைல் வாங்குங்கள், சர்ஜிக்கல் கடையில் பெட்டியாகக் கிடைக்கும். துணிக் கையுறை வேண்டவே வேண்டாம், பசையைக் குடித்துக்கொண்டு உங்கள் விரலோடு சேர்த்து ஒட்டும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பத்து நிமிடத்தில் உள்ளே வேர்த்துவிடும், சலித்துக்கொள்ளாமல் மாற்றுங்கள். அசிட்டோன் போட்டுத் துடைக்கும்போது இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும், நைட்ரைல் அசிட்டோனைத் தாங்காது, ஊதிப்போய் உள்ளே இறங்கிவிடும். பசை பட்ட கையுறையோடு போனை எடுக்காதீர்கள் (நான் எடுத்திருக்கிறேன், அந்த போன் கவரில் இன்னும் கட்டைவிரல் தடம் இருக்கிறது). கழற்றும்போது மணிக்கட்டிலிருந்து உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி உருவுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் பாட்டிலை மேலே வையுங்கள். விழுங்கினால் வயிற்று ஈரத்தில் பொங்கிக் கட்டியாகிவிடும், ஆபரேஷன் வரைக்கும் போகும்.

பழையஇழைப்புளி

எங்கள் அப்பா வஜ்ஜிரம் என்கிற தோல் பசையைக் காய்ச்சி ஒட்டிய ஆள். நாற்றம் தெருக்கோடி வரை வரும், ஆனால் கையில் பட்டால் வெந்நீரில் போய்விடும். பிறகு வெள்ளைப் பசை வந்தது, அதுவும் ஈரத்துணியில் போய்விடும். இப்போது கறுப்புக் கையோடு ஒருவர், கையுறைக்கு ஒரு பாடம். கழுந்தைச் சரியாக அடித்து ஒரு மூங்கில் ஆணி இறக்கினால் வாசல் பெஞ்சுக்குப் பசையே வேண்டாம் என்பேன். எங்கள் வீட்டுக் கதவில் பசை கிடையாது.

மேலூர்_பட்டறை

ஐயா சொல்வதில் பாதி சரி. வீட்டுக்குள் போடுகிற சாமானுக்கு நானும் வெள்ளைப் பசைதான். மழையில் நனைகிற இடம் என்றால் டப்பாவில் டி4 என்று, அதாவது தண்ணீர் தாங்குகிற தரம், போட்டிருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும், சாதாரண வெள்ளைப் பசை அங்கே நிற்காது. தேக்கில் வேறு எண்ணெய் இருக்கிறது. தம்பி, உங்கள் நிலைச் சட்டம் எத்தனை வருடப் பழசோ, மேல்பரப்பை இழைப்புளியால் ஒரு சீவு சீவி, அசிட்டோன் துணியால் துடைத்து, அன்றைக்கே ஒட்டுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஈரத்துணியால் தொட்டுவிட்டு, மறுபக்கத்தில் மெல்லிசாகப் பசை. சொட்டச் சொட்டத் தடவினால் உங்களுக்குப் பொங்கிய மாதிரிதான் பொங்கும். கிளாம்ப் போட்டு இறுக்குவது கட்டாயம், நுரை இணைப்பையே தள்ளித் திறந்துவிடும். கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவே பால் கவரை வெட்டி வையுங்கள், அதில் ஒட்டாது. இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிடும், ஆனால் ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுத்தான் மாமாவைக் கூப்பிட வேண்டும்.

வழிகிற நுரையை ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், மரத்தின் ரேகைக்குள் போய்விடும், பிறகு பாலிஷ் அங்கே ஏறாது. ரப்பர் மாதிரி ஆனதும் உளியால் சீவினால் வாழைத்தோல் மாதிரி வரும். பிறகு உப்புத்தாள், மூக்குக்கு மாஸ்க்.

திருமங்கலம்_ஞாயிறுதச்சன்

எல்லாருக்கும் நன்றி. அண்ணே, வெந்நீரும் குதிகால் கல்லும் மூன்று நாள் செய்தேன், உள்ளங்கை தெளிந்துவிட்டது, நகத்தைச் சுற்றித்தான் இன்னும் கறுப்பு. கல்யாணத்தில் மொய் நோட்டு எழுதினேன், மருதாணியா என்று இரண்டு பேர் கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஐயா சொன்ன மூங்கில் ஆணியும் வைக்கிறேன், பசையும் போடுகிறேன், சண்டை வேண்டாம். கழுந்துக்குச் சீவல் ஒட்டி இழைத்து இன்று கையுறை போட்டுத்தான் ஒட்டினேன், மூன்று ஜோடி போனது. மிச்சப் பசையைப் பாட்டிலில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி வைத்திருக்கிறேன், மூடிக்கு அருகே கொஞ்சம் கட்டியாகிவிட்டது, அதை எடுத்துவிட்டால் கீழே இருப்பது உதவுமா?

மேலூர்_பட்டறை

கீழே தேன் மாதிரி ஓடினால் உதவும். கம்பி மாதிரி இழுத்தால் தூக்கிப் போடுங்கள்.