வருஷத்துக்கு மூன்று பேப்பர், ஐந்து அட்மிஷன்: ஆராய்ச்சியை எப்போது செய்வது?

வெல்டிங்காரன்:
கோவைப் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் உதவிப் பேராசிரியர், ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஆண்டு அப்ரைசல் படிவத்தை மாற்றிவிட்டார்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் வருகிற மூன்று பேப்பர் (ஆய்வுக் கட்டுரை), ஐந்து அட்மிஷன் (கல்லூரிக்கு ஐந்து மாணவரைச் சேர்த்துவிடுவது), இரண்டில் ஒன்று குறைந்தாலும் இன்க்ரிமென்ட் கிடையாது. மே மாதம் முழுக்க பிளஸ் டூ பிள்ளைகளின் போன் நம்பர் பட்டியலை வைத்துக்கொண்டு பெற்றோரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் ஆராய்ச்சி அலுமினிய வெல்டிங்கில் ஃபட்டீக் சோதனை, அதாவது துண்டுக்குத் திரும்பத் திரும்ப விசை கொடுத்து எத்தனை சுழற்சியில் உடைகிறது என்று பார்ப்பது. ஒரு கோடி சுழற்சி வரை ஓட்ட வேண்டும். நொடிக்கு 30 சுழற்சி என்று வைத்தால் ஒரே ஒரு துண்டுக்குக் கிட்டத்தட்ட நான்கு நாள் ஆகும், நடுவில் கரண்ட் போனால் அந்தத் துண்டே வீணாகலாம், பதினைந்து துண்டாவது உடைத்தால்தான் வரைபடம் என்று ஒன்றைப் போடவே முடியும். இதை வைத்து வருஷத்துக்கு மூன்று பேப்பர் எப்படி எழுதுவது? சக ஆசிரியர் ஒருவர் ஒரு ஏஜென்ட் நம்பர் கொடுத்தார், பணம் கட்டினால் யாரோ எழுதிய பேப்பரில் நம் பெயரும் வருமாம். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழைய வாத்தியார்:
தம்பி, அந்த நம்பரை முதலில் அழியுங்கள். அந்தப் பேப்பர் போலி என்று ஆய்விதழ் நாளைக்கு அதைத் திரும்பப் பெற்றால் நிர்வாகம் உங்களைத்தான் கைகாட்டும், உங்கள் பெயர் அதில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

இந்த டார்கெட் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2010இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏ.பி.ஐ. என்ற மதிப்பெண் கொண்டுவந்தது. பேப்பருக்கு இவ்வளவு, கருத்தரங்குக்கு இவ்வளவு என்று கணக்கு. உடனே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் ஆய்விதழ்கள் முளைத்தன. அப்புறம் 2016இல் என்.ஐ.ஆர்.எஃப்., அதாவது மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் தரவரிசை. பொறியியலில் ஆராய்ச்சிக்கு 30 விழுக்காடு, பேப்பர் எண்ணிக்கை அதில் முக்கியமான பங்கு. நிர்வாகம் என்ன செய்கிறது, தரவரிசைக்கு வேண்டிய எண்ணிக்கையை ஆசிரியர் தலைக்கு வகுத்து டார்கெட் ஆக்குகிறது. அதற்காக இதற்கு முந்தைய காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் துறையில் இருபது வருஷம் ஒரே நோட்ஸை வாசித்தவரும் சீனியாரிட்டியில் பேராசிரியர் ஆனார். ஆனால் பொய்யான பேப்பர் எழுதச் சொல்லி அவரை யாரும் விரட்டவில்லை.

யார்க்‌ஷயர் மழை:
நான் இங்கிலாந்தில் விரிவுரையாளர். ஆராய்ச்சியை எடைபோடும் இந்தக் கணக்கெடுப்பு இங்கே 1986லேயே தொடங்கிவிட்டது. இப்போது அதன் பெயர் ரெஃப் (REF), பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சித் தரத்தைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மதிப்பிடுவது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் சார்: 2021 ரெஃப் கேட்டது ஏழு வருஷத்துக்கு ஆசிரியருக்குச் சராசரி இரண்டரை வெளியீடு, அவ்வளவுதான். உங்கள் கல்லூரி ஒரே வருஷத்தில் அதைவிட அதிகம் கேட்கிறது!

இங்கே நெருக்கடி வேறு வகை. 2012இல் கட்டணம் வருஷத்துக்கு 9,000 பவுண்டு வரை போனதும் மாணவர் வாடிக்கையாளர் ஆகிவிட்டார், கூட்டம் வராத துறையை மூடப் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து எவ்வளவு ஆராய்ச்சி நிதி கொண்டுவந்தாய் என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். ஹிக்ஸ் துகளைக் கணித்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 2013இல் நோபல் வாங்கியபோது, இன்றைய நிலையில் தனக்கு வேலையே கிடைத்திருக்காது என்று வெளிப்படையாகச் சொன்னார். 1964க்குப் பிறகு அவர் எழுதிய பேப்பர்கள் பத்துகூட இல்லை.

மதுரை மீனா:
வெல்டிங்காரன் சார், ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரியிடம் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை வாங்குங்கள், பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையே கிடையாது. நான் வேலையை விட்டபோது என் சான்றிதழை மூன்று மாதம் தராமல் அலையவிட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன். அட்மிஷன் வேலையையும் வாய்மொழியாக ஏற்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்குவார்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பதுதான் யு.ஜி.சி. கணக்கு, அதில் போன் பிடிப்பது இல்லை.

பேப்பருக்கு ஒரு வழி: துண்டுகள் உடைகிற வரை காத்திருக்காமல் கடினத்தன்மை, நுண்கட்டமைப்பு முடிவுகளை வைத்து நேர்மையாக ஒன்று எழுதலாமே.

வெல்டிங்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நம்பரை அழித்துவிட்டேன். மீனா மேடம், சான்றிதழ் அவர்களிடம்தான் இருக்கிறது, திங்கட்கிழமை கடிதம் கொடுக்கிறேன். மூன்று வராது, ஒன்றுதான் வரும் என்று ஹெச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவர்) சொல்லியாகிவிட்டது. அவர் எதுவும் பேசவில்லை. எட்டாவது துண்டு இப்போது மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது.