சவரக்கத்திக்கு மர ஸ்டாண்டு: செய்து பார்த்தவர்களின் அனுபவம்

சேலம், அம்மாபேட்டையிலிருந்து:

மாமனார் சேர்த்து வைத்திருந்த மடக்குச் சவரக்கத்திகள் என்னிடம் வந்து சேர்ந்தன. இரண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, மற்றவை ஜெர்மனியின் சோலிங்கன். வீட்டில் பேத்தி ஓடியாடுகிறாள். கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்டக்கூடாது. ஆசாரியிடம் கேட்டேன். வெல்வெட் ஒட்டிக் கண்ணாடியால் இறுக மூடிய பெட்டிதான் அழகு என்றார்.

அழகுதான். ஆனால் இவை கார்பன் எஃகு. வெல்வெட் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கத்தி துருப்பிடிக்கும். இன்னொரு வில்லங்கம், சில பழைய கத்திகளின் செல்லுலாய்டு கைப்பிடி. நாளாகிச் சிதையும்போது அது அமில வாயுவை விடும். மூடிய பெட்டிக்குள் அப்படி ஒன்று இருந்தால் பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும். கொம்புக் கைப்பிடியில் இந்தத் தொல்லை இல்லை.

ஆசாரி இறங்கி வரவில்லை, நானும்தான். பழைய தேக்கு ஜன்னல் சட்டத்தை அறுத்து நானே செய்தேன். மூடிய கத்தி ஏறக்குறைய ஆறு அங்குலம். மேல் பலகையில் ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டு, கீழ்ப்பலகையில் நுனி உட்காரப் பள்ளம். கத்தி செங்குத்தாக நிற்கும், அலகையும் கைப்பிடியையும் கோக்கும் ஆணி உள்ள முனை மேலே. பாதுகாப்பு முக்கியமாக இதில்தான் இருக்கிறது. ஆணி தளர்ந்த கத்தியைத் தலைகீழாக நிறுத்தினால் அலகு சரிந்து திறந்துகொள்ளும். ஆணி மேலே இருந்தால் அலகின் எடையே அதை மூடி வைக்கும். முன்னால் அக்ரிலிக் தகடும் பூட்டும், மேலும் கீழும் காற்றுத் துளைகள். ஆளிவிதை எண்ணெய் பூசி, வாசனை அடியோடு போகும்வரை கத்திகளை உள்ளே வைக்கவில்லை.

ஷெஃபீல்டு கத்தியைத் துடைக்கும்போது ஹீத் துரை நினைவுக்கு வருவார். சேலத்து இரும்புத் தாதுவை நம்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கியவர். 1839-இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டுக்காரர்கள் அதனால் கொழித்தார்கள், அவருக்கு மிஞ்சியது வழக்குதான்.

ஏற்காட்டிலிருந்து:

காற்றுத் துளை சேலத்துக்குச் சரி. இங்கே 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலத்து மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்காருகிறது. காப்பித் தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் பலகையில் செய்தேன். நன்றாக உலர்த்தாவிட்டால் வளைந்துவிடும். மழை மாதங்களில் துளைகளை அடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறேன். என் கத்திகளுக்குக் கொம்புக் கைப்பிடி என்பதால் அடைக்கப் பயமில்லை. அலகில் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். டிசம்பர் குளிரில் அது கட்டியாகி நிற்கிறது. தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறிவிட்டேன்.

ஆத்தூரிலிருந்து:

நான் சலூன் வைத்திருக்கிறேன். கடையில் இப்போது பிளேடு மாற்றும் கத்திதான். முழுக்கத்தி அப்பா காலத்தோடு போயிற்று. காந்தப் பட்டையில் ஒட்டி வைப்பதைச் சிலர் வீடுகளில் பார்க்கிறேன். காந்தம் 'டக்'கென்று இழுக்கும்போது கத்தியின் வாய் பட்டையில் மோதி, கூரில் பல் விழும். அதெல்லாம் வேண்டாம். அம்மாபேட்டை அண்ணன் வெட்டுக்கு எவ்வளவு அகலம் வைத்தார்? வெளியே எடுக்கும்போது எங்கே பிடிப்பது?

அம்மாபேட்டையிலிருந்து மறுபடியும்:

கைப்பிடியின் தடிமனைவிட 3 மில்லிமீட்டர் கூடுதல் தம்பி. ஆணிக்கு மேலே துருத்தும் அலகின் வாலைப் பிடித்து இழுக்கக்கூடாது, அலகு திறந்துவிடும். மேல் பலகையைக் கத்தியின் பாதி உயரத்தில் பொருத்தியிருப்பதால், கைப்பிடியை இருபுறமும் பற்றித் தூக்க விரல்களுக்கு இடம் இருக்கிறது.