சவ்வு உள்வாங்கும் இடத்துக்கு ஆக்டினை அழைத்து வருவது எது?

கேள்வி
கிளாத்ரின் என்ற உறைப்புரதத்தின் வழி நடைபெறும் எண்டோசைட்டோசிஸில் (செல் தன் சவ்வை உள்மடித்துப் பொருள்களை உள்வாங்குவதில்) சவ்வைக் குழியாக வளைக்கக் கிளாத்ரின் உறையும், குழியின் கழுத்தைத் துண்டிக்க டைனமின் என்ற நொதியும் இருக்கின்றன. அப்படியிருக்க, அதே இடத்தில் ஆக்டின் என்ற செல் எலும்புக்கூட்டுப் புரதத்தின் இழைகள் ஏன் வளர வேண்டும்? சவ்வு உள்வாங்கலையும் ஆக்டினையும் பிணைக்கும் புரதங்கள் எவை?

மறுமொழி 1
எஸ்என்எக்ஸ்9, சின்டாபின், எஃப்பிபி17 ஆகிய இணைப்புப் புரதங்களிலிருந்து தொடங்குங்கள். இவற்றின் வளைந்த 'பார்' (BAR) பகுதி சவ்வின் வளைவில் பொருந்தி அமர்கிறது. எஸ்எச்3 பகுதியோ புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த தொடர்களைப் பற்றிக்கொள்கிறது. அத்தகைய தொடர் டைனமினிலும் உண்டு, ஆக்டின் வளர்ச்சியைத் தூண்டும் என்-வாஸ்ப் புரதத்திலும் உண்டு என்பதுதான் இங்கே மிக முக்கியம். என்-வாஸ்ப் வழக்கமாகத் தன்மேலேயே மடிந்து செயலற்றுக் கிடக்கும். சவ்விலுள்ள பிஐபி2 லிப்பிடு (ஒரு கொழுப்பு மூலக்கூறு), சிடிசி42 என்ற சைகைப் புரதம், எஸ்எச்3 பகுதி ஆகியவை சேர்ந்து அதைத் திறந்ததும், அதன் விடுபட்ட முனை ஆர்ப்2/3 கூட்டுப்புரதத்தைத் தூண்ட, பழைய இழையிலிருந்து ஏறத்தாழ 70 பாகைக் கோணத்தில் புதிய ஆக்டின் கிளை முளைக்கிறது. ஆகவே சவ்வு வளைந்திருப்பதே ஆக்டினுக்கான அழைப்பாகிவிடுகிறது.

மறுமொழி 2
'ஏன்' என்ற கேள்விக்கு விடை சவ்வின் இழுவிசையில் இருக்கிறது. ஈஸ்ட் செல்லின் உள்ளழுத்தம் மிக அதிகம் என்பதால், லாட்ரன்குலின் கொடுத்து ஆக்டினைத் தடுத்தால் அங்கே உள்வாங்கலே நின்றுவிடும். பாலூட்டிச் செல்களில் பல சமயம் ஆக்டின் இல்லாமலும் குழி மூடிக்கொள்ளும். ஆனால் செல் நீரேறி வீங்கிச் சவ்வு விறைத்துவிட்டால், அங்கும் ஆக்டின் இன்றியமையாததாகிறது. எனவே 'ஆக்டின் தேவையா, இல்லையா' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை.

இழை வளர்ந்தால் மட்டும் போதாது, அதன் விசை சவ்வைச் சென்றடையவும் வேண்டும். ஈஸ்டின் எஸ்எல்ஏ2 புரதம் ஒரு முனையால் பிஐபி2 லிப்பிடையும் மறுமுனையால் ஆக்டினையும் பிடித்துக்கொள்கிறது. அதன் மரபணுவை நீக்கிய செல்களில் ஆக்டின் தொடர்ந்து வளர்ந்து வால்நட்சத்திரத்தின் வாலைப்போல நீள்கிறது. சவ்வோ இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

மறுமொழி 3
மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். ஆனால் இணைப்புப் புரதங்களைத் தூண்டிகளாக மட்டும் பார்ப்பது போதாது. பாலூட்டிகளில் எஸ்எல்ஏ2-க்கு இணையான ஹிப்1ஆர், கார்டாக்டின் என்ற ஆக்டின் பிணைப்புப் புரதத்துடன் சேர்ந்து ஆக்டின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது. அதைக் குறைத்தால் கிளாத்ரின் குழிகளில் ஆக்டின் அளவுமீறிச் சேர்கிறது. பின்னர் சினாப்டோஜானின் என்ற நொதி பிஐபி2-இலுள்ள பாஸ்பேட்டை நீக்கும்போது, கிளாத்ரினைச் சவ்வோடு இணைக்கும் புரதங்களின் பிடி தளர்கிறது. என்-வாஸ்ப்பைத் திறந்துவைத்த தூண்டுதலும் குறைகிறது.